ஈரலுக்குக் கரும்புச் சாறு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டபோது, நான் வெள்ளக் காலத்தைப் பற்றியோ டெங்குக் காலத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த வேலைகளில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றுமில்லை. குளோரின் போட வேண்டிய கிணற்றுக்குக் குளோரின் போட்டேன், நுளம்பு பெருகிய தொட்டியைக் கவிழ்த்தேன், அவ்வளவுதான். இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது வேறொன்று. ஒரு தாயிடம் நான் சொன்ன மூன்று வசனங்கள். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. திருத்துவதற்கு ஒரு வருடத்தின் பெரும்பகுதி போனது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. என்ன கிழமை, மழையா வெயிலா, எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆகவே கீழே வரும் பேச்சுக்கள் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதியவை அல்ல. பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பிழைகளை மாற்றவில்லை.

முதலாம் தவணை தொடங்கி மூன்றாவது செவ்வாய்க்கிழமை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. நான் உயரமும் நிறையும் பார்த்துச் சொல்ல, குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதினார். அடுத்த மேசையில் எங்கள் வைத்திய அதிகாரி. காத்தான்குடிப் பெண், என் மகளின் வயது இருக்கும். எங்கள் பணிமனைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கிருஷிகா என்ற பிள்ளை தராசில் ஏறியபோது வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "சேர், தராசு பாவம்" என்றாள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.

வைத்திய அதிகாரி சிரிக்கவில்லை. பிள்ளையின் இரண்டு பின்னல்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிடரியைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலக் கறுப்பாக, தடிப்பாக இருந்தது. அந்தக் கறுப்பின்மேல் சிவப்புச் சிவப்பாகக் கீறல்கள்.

"கழுத்த என்ன மகள் செஞ்ச?"

"தேய்ச்ச, டொக்டர்."

"எதால?"

"பீர்க்கங்காய்ப் பொச்சால. எவ்வளவு தேய்ச்சாலும் ஊத்தை போகுதில்ல."

வைத்திய அதிகாரி பிள்ளையின் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பி.எச்.ஐ., இஞ்ச ஒருக்கா வாங்க. இது உங்கட எழுத்தா?"

என் எழுத்துத்தான். பிள்ளை நாலாம் தரத்தில் படித்தபோது நான் எழுதியது. 'கழுத்தில் அழுக்கு. உடற்சுத்தம் போதாது. பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது.' அதற்கு மேலே போஷாக்கு நிலை என்ற இடத்தில், 'நன்று.'

"ஒரே பக்கத்தில ரெண்டு பிழை" என்றார்.

அது அழுக்கல்ல என்பது இப்போது உங்கள் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுகிறது. உடம்பில் கொழுப்புக் கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும்போது, உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் வெளிப்பாடாகப் பிடரியிலும் கமக்கட்டிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மூன்று வருடங்களுக்கு முன்பே அந்தப் பிள்ளையின் கழுத்து எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறது. நான் அதைச் சவர்க்காரத்தால் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

எப்படி இது நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் தொழில் பழகிய காலத்தில், எனக்கு மேலிருந்தவர் பிள்ளைகளின் நகம், காது, கழுத்து மூன்றையும் பார்க்கச் சொன்னார். ஊத்தை இருக்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி. பிறகு இடம்பெயர்ந்தோர் முகாம்களில், மெலிவைக் கண்டுபிடிக்க நாடா வைத்துப் பிள்ளைகளின் புயத்தைச் சுற்றி அளந்த வருடங்கள் வந்தன. அந்த வருடங்களுக்குப் பிறகு கொழுகொழு என்று ஒரு பிள்ளை தராசில் ஏறினால் மனதுக்குள் ஒரு நிம்மதிதான் வரும். மெலிவுக்கும் அழுக்கும் பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணோடு நான் ஏதோ ஓய்வுபெறும்வரை சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"தாய்க்கிட்டச் சொல்லுங்க, இது ஊத்தை இல்லையெண்டு. தேய்க்க வேணாமெண்டு" என்றார் வைத்திய அதிகாரி. "சொல்லுறன் டொக்டர்" என்றேன். சொல்லவில்லை. நான் எழுதியதை நானே பிழை என்று சொல்ல வேண்டியிருந்ததால் தள்ளிப்போட்டேன். வேறு காரணம் எதையும் இங்கே கண்டுபிடிக்க விரும்பவில்லை.

பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்கான் எடுத்தார்கள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். சீனி அளவு எல்லைக்கோட்டில் நின்றது. ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. ஈரல் காயப்படும்போது இரத்தத்தில் கூடுகின்ற நொதியம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வயது. சாராயத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளை. குடிகாரரின் ஈரலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். நம்புங்கள். இப்படியே விட்டால் கொழுப்புப் படிந்த இடம் வீங்கி, வீங்கிய இடம் தழும்பாகி, ஈரல் கல்லாகும். ஆனால் பிள்ளைகளில் ஒரு நல்ல விடயம், நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். மருந்து தேவையில்லை. சாப்பாடும் ஓட்டமும் நித்திரையும் சரியானால் போதும்.

அதாவது, மருந்து எழுதுகிற பேனாவுக்கு அங்கே வேலையில்லை. வாய்க்குத்தான் வேலை. அந்த வாய் என்னுடையதாக இருந்தது.

முடிவுகள் வந்த வியாழக்கிழமை எங்கள் பணிமனையில் போஷாக்குக் கிளினிக். வைத்திய அதிகாரியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "நான் வரும்வரைக்கும் ஆரையும் காக்க வைக்காதீங்க, நீங்களே விளங்கப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரத்துக்குள் டெங்கு அறிக்கை போக வேண்டும் என்று மேலே இருந்து இரண்டு தடவை தொலைபேசி. வாங்குப் பலகைகளில் இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார். கிருஷிகாவின் தாய் வதனி வந்து முன்னால் இருந்தாள். கணவன் கட்டாரில் வேலை. மெலிந்த பெண். வாய் திறந்து நாலு கேள்வி கேட்கிற ஆளல்ல.

நான் சொன்னது இதுதான், எழுத்துக்கு எழுத்து:

"தங்கச்சி, புள்ளைக்கு ஈரல்ல கொழுப்புப் படிஞ்சிருக்கு. எண்ணெய்ச் சாமான், கொழுப்புச் சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. மூணு மாசத்தில திரும்பி வாங்க."

"கடுமையா சேர்?"

"இப்ப கவனிக்காட்டிக் கடுமைதான்."

அவள் தலையை ஆட்டினாள். படிவத்தில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற கூட்டில் நான் ஒரு சரி போட்டேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மூன்று மாதம் முடிந்து, சொன்ன கிழமையிலேயே வந்தாள். வராமல் விடுகிறவர்களே அதிகம் என்பதை வேலையில் இறங்கியதும் தெரிந்துகொள்வீர்கள். இவள் சரியான நாளில், புதிய இரத்த முடிவோடு வந்தாள். வைத்திய அதிகாரி முடிவைப் பார்த்தார். பழைய முடிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நொதியம் இறங்கவில்லை, இன்னும் ஏறியிருந்தது. நிறையும் கூடியிருந்தது.

"வீட்டில என்னம்மா குடுக்கிறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் டொக்டர். ஒண்டும் விடல்ல. எல்லாம் செஞ்ச நான்."

"எல்லாம் செஞ்சா இப்படி வராதே."

பிள்ளை தாயைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு உள்ளே சூடேறிக்கொண்டு வந்தது. எத்தனை தாய்மார் இந்தக் கதிரையில் இருந்துகொண்டு, ஒன்றும் கொடுப்பதில்லை சேர், தண்ணி குடித்தாலும் ஊதுது என்று சொல்லியிருப்பார்கள். அவர்களின் கைப்பையில் இருந்து பிஸ்கட் பைக்கற் எட்டிப் பார்க்கும். அந்த அத்தனை பேர்மேலும் இருந்த கோபத்தை இவள் ஒருத்தியின்மேல் கொட்டினேன்.

"தங்கச்சி, எங்களிட்டப் பொய் சொல்லி என்ன பிரயோசனம்? புள்ளட ஈரல் பொய் சொல்லாது."

வதனி எழுந்தாள். மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். "வா மனே" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். குரலை உயர்த்தவுமில்லை, அழவுமில்லை. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

வைத்திய அதிகாரி ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டார். "அந்தப் புள்ள வந்ததா?" வரவில்லை என்பேன். "அந்த நொதியம் இப்படியே ஏறிட்டுப் போனா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே பி.எச்.ஐ.?" தெரியும் என்பேன். மூன்றாவது தடவை கேட்டபோது, "பொய் எண்டு சொன்னது நீங்க. கூட்டிட்டு வர வேண்டியதும் நீங்கதான்" என்றார்.

அப்போதும் நான் அவள் பொய் சொன்னாள் என்றுதான் நம்பினேன். அதை நிரூபிக்கலாம் என்று நினைத்துப் பாடசாலைக்குப் போனேன். சிற்றுண்டிச்சாலை நடத்தும் பெண்ணிடம், "ஏழாம் தரத்துக் கிருஷிகா றோள்ஸ் வாங்கிறாளா?" என்று கேட்டேன்.

"அவவா? முந்தி வாங்குவா சேர். இப்ப வடையைக் காட்டினாலும் தலையை மற்றப் பக்கம் திருப்பிடுவா. வீட்டில இருந்து ஒரு போத்தில் கொண்டு வாறா. என்னண்டு கேட்டா, மருந்து எண்டு சொல்றா."

"என்ன மருந்து?"

"எனக்கென்ன தெரியும். பச்சைத் தண்ணி மாதிரி. நுரை வேற."

நாங்கள் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அங்கிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்குப் பிறகு, நல்ல வெயில். அறுவடை முடிந்த வயல் வட்டைக்குள்ளால் போகும் மண் பாதை. கல்வீடு, வெளிநாட்டுப் பணத்தில் கட்டியது, பூசி முடியவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் வதனி வாசலுக்கு வந்தாள்.

"வாங்க சேர். பொய் சொல்ற வீடு இதுதான்."

நான் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நில்லுங்க, இருக்கச் சொல்ல மாட்டன். முதல்ல வந்து பாருங்க. பாத்துட்டு எழுதிட்டுப் போங்க, எழுதுறதுதானே உங்கட வேலை."

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சுவர்த் தட்டில் எண்ணெய்ப் போத்தல் இல்லை. தேங்காய் இல்லை. முட்டை இல்லை. வாவிக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீட்டில் மீன் மணம்கூட இல்லை. தட்டில் வரிசையாகக் குளுக்கோசுப் பேணிகள். மூலையில் செவ்விளநீர்க் குலை. வாளித் தண்ணீருக்குள் நட்டுவைத்தது போலக் கீழ்க்காய்நெல்லிக் கட்டு. மேசைமேல் ஒரு போத்தலில் நுரை அடங்கிய கரும்புச் சாறு.

"காலம எழும்பின உடன கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கிறன். புறகு குளுக்கோசு. பள்ளிக்கூடத்துக்குக் கரும்புச் சாறு. மத்தியானம் உப்புக் குறைச்சு, எண்ணெய் இல்லாமச் சோறும் புடலங்காயும். பின்னேரம் இளநீர். பசிக்குது எண்டா மாரி பிஸ்கட். ஒரு சொட்டு எண்ணெய் இந்த வீட்டுக்குள்ள இல்ல சேர். நானும் தின்னல்ல. இதுக்கு மேல நான் என்னத்த நிப்பாட்ட?"

"ஆரு தங்கச்சி இப்படிக் குடுக்கச் சொன்ன?"

"ஆரு சொல்லணும்? ஈரல்ல வருத்தமெண்டா வேற என்ன குடுக்கிற? என்ட தம்பிக்குச் செங்கமாரி வரக்குள்ள இதுதானே குடுத்த. ஆஸ்பத்திரி வாட்டிலயும் குளுக்கோசுதானே கரைச்சுக் குடுக்கச் சொன்ன. நீங்க ஈரல் எண்டீங்க, எண்ணெய் எண்டீங்க. வேற ஒண்டும் சொல்லல்லயே."

சொல்லவில்லை. சீனி என்ற சொல்லை நான் வாயால் எடுக்கவேயில்லை. செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை வந்தவருக்குக் கரும்புச் சாறும் குளுக்கோசும் கொடுத்து, மீனையும் முட்டையையும் எண்ணெயையும் நிறுத்துவது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் தெரிந்த பத்தியம். என் வீட்டிலும் அதையே செய்திருக்கிறோம். ஈரலில் வருத்தம் என்று சொன்னால் ஒரு தாய் எங்கே போவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அந்தச் சீனிதான் எதிரி. குடிக்கிற சீனியின் மிச்சத்தை ஈரல்தான் கொழுப்பாக்கி வைக்கிறது. ஐந்து மாதத்துக்கு மேலாக அந்தத் தாய், என் சொல்லைக் கேட்டு, ஒரு நாள்கூடத் தவறாமல் அந்த ஈரலுக்கு அதையே ஊற்றியிருக்கிறாள். நான் பார்த்த தாய்மாரில் இவ்வளவு கண்டிப்பாகச் சொற்படி நடந்தவள் வேறில்லை. அவளைத்தான் பொய்காரி என்றேன்.

கரும்புச் சாற்றுப் போத்தலை நான் பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கண்டாள்.

"அதில ஒரு குறையும் இல்ல சேர். சந்தி வண்டில்லதான் எடுக்கிற. நீங்க கையெழுத்துப் போட்ட சேட்டிபிக்கற் வண்டில்ல ஒட்டியிருக்கு."

ஒட்டியிருந்தது உண்மை. தண்ணீர் சுத்தமா, ஐஸ் சுத்தமா, ஆளின் நகம் சுத்தமா என்று பார்த்து நான் கொடுத்த சேட்டிபிக்கற். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் கிருஷிகா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். என்னைக் கண்டதும் கதவு நிலையோடு நின்றாள். நான் எப்படியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"சேர், எனக்கு எப்ப மீன் தருவாங்க?"

"ஏன் மகள்?"

"மூணு மாசமெண்டு அம்மா சொன்ன. மூணு மாசம் எப்பயோ முடிஞ்சு."

கதிரையை நானே இழுத்துப் போட்டு இருந்தேன். "தங்கச்சி, பிழை என்னுடையது" என்று தொடங்கினேன். எழுத்துத் தமிழில்தான் வந்தது, ஏனென்று தெரியவில்லை. பிறகு நாக்கு வழிக்கு வந்தது. சீனியைப் பற்றிச் சொன்னேன். இனிப்பாகக் குடிக்கிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். குளுக்கோசு, கரும்புச் சாறு, சோடா, சீனி போட்ட மாப்பால். மீன் தரலாம், தர வேண்டும் என்றேன். பொரிக்காமல், ஆணமாக, குழம்பு வைத்து. முட்டையும் தரலாம். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டலாம். கழுத்தைப் பற்றியும் சொன்னேன். அது ஊத்தையல்ல, என் எழுத்துத்தான் பிழை, இனித் தேய்க்க வேண்டாம் என்று.

வதனி அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையின் பின்னல்களை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு வலித்திருக்க வேண்டும்.

"நாலாம் வகுப்பில இருந்து தேய்க்கிறன். அவ கத்தக் கத்தத் தேய்ச்ச நான். ஊத்தைப் புள்ள எண்டு டீச்சரும் சொல்லி, பக்கத்தில இருக்கிற புள்ளயளும் சொல்லி..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "இத அண்டைக்கே சொல்ல உங்களுக்கு என்ன சேர்?" என்றாள்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நாட்குறிப்பில் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே கணவனின் அழைப்பு வந்தது. அங்கே அவனுக்கு விடுமுறை நாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் வாராந்த அழைப்பு. வதனி தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். "இவரிட்டயே கேளுங்க."

"என்ன சேர், புள்ளட கன்னமெல்லாம் வத்திப் போகுது எண்டு நான் இஞ்ச நித்திரை இல்லாமக் கிடக்கிறன். நான் அனுப்பின பால்மா, சொக்லட், தோடம்பழத் தூள் ஒண்டும் குடுக்கிறல்லயாம். குடுக்கச் சொல்லுங்க."

கன்னம் வற்றியிருக்கவில்லை. ஆனால் சின்னத் திரையில், அவ்வளவு தூரத்தில், பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று பார்க்க அவனிடம் இருந்த ஒரே அளவுகோல் அந்தக் கன்னம். நான் மெதுவாகச் சொன்னேன். தோடம்பழத் தூள் இனி வேண்டாம், அது முழுக்கச் சீனி, சொக்லட்டும் பெட்டி பெட்டியாக வேண்டாம். முதலில் கோபப்பட்டான். பிறகு, "அப்ப நான் இஞ்ச இருந்து என்னத்த சேர் அனுப்பிற?" என்றான்.

நமது துண்டுப்பிரசுரம் எதிலும் இதற்குப் பதில் கிடையாது. பிள்ளைதான் சொன்னாள். "அப்பா, கியர் சைக்கிள் ஒண்டு. ரியூசனுக்கு ஓட்டோ வேணாம்." அவன் சிரித்தான். அது மூன்று வாரத்தில் வந்தது. ஏறாவூர்க் கடையொன்றில் சொல்லி வாங்கிக் கொடுத்திருந்தான்.

இனி உங்களில் பலர் எதிர்பார்க்கும் முடிவு வரும். வந்ததுதான், ஆனால் அதிலும் ஒரு எரிச்சல் இருக்கிறது.

வதனி மீண்டும் கிளினிக்குக்கு வந்தாள். நான்கு மாதம் கழித்து எடுத்த இரத்த முடிவில் நொதியம் ஏறக்குறையச் சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. காலைச் சீனி அளவும் எல்லைக்கோட்டுக்குக் கீழே. வைத்திய அதிகாரி முடிவை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பிள்ளையின் முதுகில் தட்டினார். பிள்ளை இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தாள். நிறை கூடவுமில்லை, குறையவுமில்லை. வளரும் பிள்ளைக்கு அதுவே போதும். உயரம் கூட நிறை அப்படியே நின்றால், உடம்பு தானாகவே இளைக்கிறது.

ஆனால் மேலே அனுப்பும் படிவத்தில் கூடு ஒன்றே ஒன்றுதான். நிறை குறைந்ததா? குறைந்தால் 'முன்னேற்றம் உண்டு', குறையாவிட்டால் 'முன்னேற்றம் இல்லை'. ஈரலுக்கும் உயரத்துக்கும் அங்கே இடமில்லை. இரண்டு தடவை கடிதம் எழுதினேன். படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் குறிப்பு எழுதி அனுப்பினேன். படிவத்தை அசுத்தப்படுத்த வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றும் விதிப்படி, பல்லைக் கடித்துக்கொண்டு, 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினேன். வதனி மேசையின் மறுபக்கத்தில் இருந்து அதைத் தலைகீழாக வாசித்துவிட்டாள்.

"என்ட புள்ள பெயிலா சேர்?"

முகம் சின்னதாகிவிட்டது. இத்தனை மாதமாக அவள் விட்ட சீனியும், வைத்த ஆணமும், பிள்ளையோடு சேர்ந்து நடந்த நடையும் அந்த இரண்டு சொல்லில் கிடந்தன. இப்படியே எழுந்து போனால் நாளைக்குக் குளுக்கோசுப் பேணி திரும்பவும் தட்டில் ஏறும்.

வாங்கு நிறையச் சனம். அறிக்கை ஒன்று அன்றும் போக வேண்டியிருந்தது, என்றைக்குத்தான் இல்லை. நான் பேனாவை மூடி வைத்தேன். மூன்று இரத்த முடிவுகளையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, எந்த எண் எதைச் சொல்கிறது, அது எங்கே இருந்தது, எங்கே வந்திருக்கிறது என்று காட்டினேன். நிறை நிற்பது ஏன் நல்லது என்று சொன்னேன். வரிசையில் முணுமுணுப்புத் தொடங்கியது. சொல்லி முடித்ததும், முன்பு ஒருபோதும் எவரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"தங்கச்சி, நான் இப்ப சொன்னத நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க. எனக்கு விளங்கப்படுத்தத் தெரியுமா எண்டு பாக்கத்தான்."

வதனி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். எனக்குச் சொல்ல வெட்கப்பட்டாள் போலிருக்கிறது. வாங்கின் நுனியில் அடுத்ததாக இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் கொழுத்த மகன் ஒருவன், கையில் சிவப்புச் சோடாப் போத்தலோடு.

"இஞ்ச பாருகா. ஈரல்ல கொழுப்பு எண்டா எண்ணெய் குடிச்சு வாறது இல்ல. இனிப்புத் தண்ணி குடிச்சு வாறது. ஈரல் அதக் கொழுப்பாக்கிக் கட்டி வைக்கும். செங்கமாரி எண்டு நினைச்சுக் குளுக்கோசு குடுத்திராத, நான் குடுத்துக் கெட்ட. மீன் குடு, முட்டை குடு. நிறை குறையுதில்ல எண்டு அழாத, புள்ள வளருது, நிறை நிக்கணும். அது காணும்."

"கரும்புச் சாறுமா கூடாது?"

"சேட்டிபிக்கற் ஒட்டியிருந்தாலும் கூடாது."

எனக்குப் பின்னால் குடும்பநல உத்தியோகத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் நான் சுகாதாரக் கல்வி என்ற பெயரில் பேசியிருக்கிறேன், படம் காட்டியிருக்கிறேன், துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றாவது இவ்வளவு தெளிவாக இருந்ததா என்று தெரியவில்லை. அந்தத் திருப்பிச் சொல்லலை முதல் வியாழக்கிழமையே கேட்டிருந்தால், செங்கமாரிப் பத்தியம் அன்றே வெளியே வந்திருக்கும். ஒரு பிள்ளையின் ஈரல் அத்தனை மாதம் சீனியில் ஊறியிருக்காது. உங்கள் மேசையிலும் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற கூடு இருக்கும். நீங்கள் பேசி முடித்ததும் அதில் சரி போடாதீர்கள். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகு போடுங்கள்.

அந்தப் பெண் எட்டி என் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தாள்.

"அப்ப உன்ட புள்ளைக்கு முன்னேற்றம் இல்லையெண்டு இதில எழுதியிருக்கேகா?"

"அது அவங்கட கடதாசி" என்றாள் வதனி. இரத்த முடிவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "ஈரல் என்ட புள்ளட."

அந்தப் பெண் மகனின் கையிலிருந்து சோடாப் போத்தலை வாங்கி மூடியைத் திருகி மூடினாள். மகன் சிணுங்கத் தொடங்கினான். நான் அடுத்த பெயரைக் கூப்பிடாமல், அவர்கள் இருவரும் பேசி முடியட்டும் என்று இருந்தேன்.